சிரட்டையில் முளைத்த வெந்தயம்

செவ்வாய்க்கிழமை காலை நார்த்தூள் மூட்டைகளை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. நூர்ஜகான் அக்காவின் மகள். "மாமா, அம்மா மௌத்தாகிட்டாக" என்றாள். பத்து நாளாகப் படுக்கையில் இருந்தவர்தான். ஆனாலும் சாவை நான் எதிர்பார்க்கவில்லை.

அக்காவைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். உத்தமபாளையத்துக்கு வெளியே ஒரு கயிறு மில் இருக்கிறது. தேங்காய் மட்டையில் நார் எடுத்தபின் மிஞ்சும் தூள் அதன் பின்னால் மலையாகக் கிடக்கும். காற்றடித்தால் தெருவே இருமும். அந்தத் தூளைக் கழுவி, மட்கிய சாணத்தோடு கலந்து, மண்ணுக்குப் பதிலாகத் தொட்டியில் போட்டுச் செடி வளர்க்கலாம் என்று கிளம்பியவர் அக்கா. நான் அவருடைய கூட்டாளி.

முதல் நாள் மில் மேலாளர் சிரித்தார். "இந்தக் குப்பைய அள்ளிட்டுப் போயி என்னம்மா செய்யப் போறீக?"

"ரோசாச் செடி வைக்கப் போறேன்" என்றார் அக்கா. ஆறு மாதம் கழித்து, பூத்த தொட்டி ஒன்றை அந்த மேலாளரின் மேசையில் வைத்துவிட்டுத் திரும்பினார்.

பச்சைத் தூளில் உப்பும் கறையும் இருக்கும். மூன்று தண்ணீர் கழுவாவிட்டால் வேர் கருகிவிடும். அதனால் ஒவ்வொரு லோடிலும் ஒரு பிடி எடுத்துத் தேங்காய்ச் சிரட்டையில் போட்டு அக்கா வெந்தயம் விதைப்பார். ஐந்தாம் நாள் முளை பச்சையாக நிமிர்ந்தால்தான் மூட்டை கட்டலாம். நான் அவசரப்பட்டால், "மொதல்ல வெந்தயம் சொல்லட்டும், பெறகு நீ சொல்லுலே" என்பார்.

ஒரு கோடையில் போர்க் கிணறு வற்றியது. தேவாரம் ஊரில் மொட்டை மாடியில் நாற்று வளர்த்து விற்கும் பெண் தூள் கேட்டு நெருக்கினார். ஒரே தண்ணீர்தான் கழுவினேன். சிரட்டையில் மட்டும், நன்றாகக் கழுவிய பழைய குவியலிலிருந்து அள்ளிப் போட்டேன். வெந்தயம் அழகாக முளைத்தது. தேவாரத்தில் அத்தனை நாற்றும் கருகின.

அக்கா நேரில் போனார். நானும் பின்னால் நின்றேன். "சிரட்டையப் பாத்து அனுப்புனது நான்தேன். தப்பு எம்மேலதேன் தாயி" என்றார். அந்தப் பெண் அழுதார். நான் வாயைத் திறக்கவில்லை.

அதன்பிறகு எல்லா வேலையையும் அக்கா என்னிடம் கொடுத்தார். சிரட்டை நிரப்புவதை மட்டும் கொடுக்கவே இல்லை. என்னிடம் ஒருநாளும் காரணம் சொன்னதில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

செவ்வாயன்று நான் அக்கா வீட்டுக்குப் போனபோது மகள் ஒரு சிரட்டையைக் கொண்டுவந்தாள். "போன வாரம் என்னைய அனுப்பிக் குவியல்ல இருந்து ஒரு பிடி தூள் அள்ளிட்டு வரச் சொன்னாக. அவுகளே விதைச்சாக. உங்ககிட்டக் காட்டச் சொன்னாக மாமா, இந்தக் கவலையில மறந்துட்டேன்."

முளைகள் மஞ்சளாகச் சுருண்டு நுனி கருகியிருந்தன. அக்கா படுத்திருக்கிறார், இந்த ஒரு தடவை சோதிக்காமல் அனுப்பினால் என்ன என்று நினைத்து நான் அன்று காலை ஏற்றிவிட்ட அதே தூள்.

லாரி டிரைவரைப் போனில் அழைத்தேன். "அண்ணே, கம்பம் தாண்டிட்டேனே" என்றார். திரும்பச் சொன்னேன்.

கபர்ஸ்தானில் அடக்கத்தின்போது மற்றவர்களோடு நானும் மூன்று பிடி மண் போட்டேன். சொல்ல நினைத்ததை அங்கே சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். தேவாரத்துச் சகோதரி படித்தால் தெரிந்துகொள்ளட்டும்: உங்கள் நாற்றுகளைக் கருக்கியது நான். அக்கா அல்ல.

திரும்பி வந்த தூளை மூன்று தண்ணீர் கழுவினேன். அந்தக் குவியலிலிருந்தே ஒரு பிடி அள்ளி, உங்கள் சிரட்டையில் என் கையால் வெந்தயம் விதைத்திருக்கிறேன் அக்கா. இன்று மூன்றாம் நாள். இன்னும் இரண்டு நாள் காத்திருப்பேன். நீங்கள் நிம்மதியாகப் போய் வாருங்கள்.