டேங்கு மூடியில் தீப்பெட்டி ஆபீஸ் பசை

குளத்தூர்ப் பள்ளியில் ஆசிரியையாகச் சேரும்படி வந்த நியமன உத்தரவை இன்னும் வைத்திருக்கிறேன். அறுபதுகளின் தொடக்கம், ஜூன் மாதம். வியாழக்கிழமை முற்பகலுக்குள் சேராவிட்டால் உத்தரவு ரத்தாகும் என்கிறது கடைசி வரி. அது என் கைக்கு வந்ததே புதன்கிழமை மாலையில்தான்.

வியாழன் காலை எட்டு மணிக்குக் கோவில்பட்டியில் பஸ் ஏறினேன். பழைய பெட்ரோல் வண்டி. ஊரைத் தாண்டிய மூன்றாவது மைலில் விக்கி விக்கி நின்றது. டிரைவர் இறங்கி, டேங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றி, வாய் வைத்து ஓங்கி ஊதினார். கரிசல் தூசி அடைத்துவிட்டதாம். மாட்டியதும் என்ஜின் சீறிக்கொண்டு கிளம்பியது. மூன்று மைலில் மறுபடி நின்றது. மறுபடி ஊதினார், மறுபடி மூன்று மைல் ஓடியது.

பசுவந்தனை தாண்டி ஐந்தாம் முறை நின்றபோது மணி பத்து இருபது. உத்தரவு வந்த உறையின் பின்புறத்தில் ஒவ்வொரு முறையும் மைல்கல் எண்ணைக் குறித்திருந்தேன். தூசி இப்படி மைல் எண்ணியா அடைக்கும் என்று டிரைவரிடமே கேட்டுவிட்டேன். அவர் குழாயைக் கழற்றக் குனிந்துவிட்டார். உறையை வாங்கிப் பார்த்தவர், முன் சீட்டில் இருந்த சீமெண்ணெய்க் கடை பாய்.

"அண்ணாச்சி, நான் டின்னுல ரெண்டு ஓட்டை போடுதேன். ஒண்ணு எண்ணெய் வர, ஒண்ணு காத்து போக. உங்க டேங்குக்குக் காத்து எங்கன போகுது?"

"பாய், இது பஸ்ஸு. உங்க கடை இல்ல."

"கடையில எண்ணெய் ஓடுது. இங்கனதான் நிக்கி."

பஸ்ஸே சிரித்தது. டிரைவர் விறைப்பாகப் போய் டேங்கு மூடியைத் திருகினார். உஸ்ஸென்று காற்று உள்ளே பாய்ந்த சத்தம் ஜன்னலோரம் இருந்த எனக்கே கேட்டது. மூடியின் சிறு துளைமேல் ஒரு லேபிள் தாள் கெட்டியாக ஒட்டியிருந்தது.

"தூசி போகக்கூடாதுன்னு நேத்து நாந்தான் ஒட்டுனேன்," என்றார் டிரைவர், யாரையும் பார்க்காமல். அவர் மனைவிக்குத் தீப்பெட்டி ஆபீஸில் வேலை. பசை அங்கிருந்து வந்ததாம். எண்ணெய் வெளியேறிய இடத்தை நிரப்பக் காற்றுக்கு வழியில்லாமல், டேங்கு எண்ணெயைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. குழாயில் அவர் ஊதிய காற்றில்தான் ஒவ்வொரு மூன்று மைலும் ஓடியிருக்கிறோம்.

தாளைச் சுரண்டி எறிந்தபின் வண்டி எங்குமே விக்கவில்லை. எப்போதும்வென்றான் ஊரில், என்னிடம் விஷயத்தைக் கேட்டறிந்திருந்த கண்டக்டர், டீச்சரம்மாவுக்கு வேலை போய்விடும் என்று சொல்லி ஆட்களைத் துரிதமாக ஏற்றினார். என்னாலோ உட்கார முடியவில்லை; கம்பியைப் பிடித்து நின்றபடியே வந்தேன். குளத்தூரில் டிரைவர் நிறுத்தத்தில் நிறுத்தாமல் நேரே பள்ளி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார்.

தலைமையாசிரியர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருந்தது. பதிவேட்டில் 'முற்பகல்' என்று எழுதினார். என் கைக்கடிகாரத்தில் பன்னிரண்டு கடந்து மூன்று நிமிடம். முந்தானைக்குள் கையை வைத்துக்கொண்டேன். இரண்டில் எது சரியென்று இன்றுவரை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.