வெள்ளிக்கிழமை பில்

கடிகாரங்களை நான் நம்புவதில்லை. தொழில் அப்படி. விழுப்புரத்தில் இருந்துகொண்டு சுற்றுவட்டாரக் கடைகளுக்குக் கம்ப்யூட்டர், கேமரா, நெட்வொர்க் எல்லாம் பார்த்துக் கொடுக்கிறேன். ஒரு கடையில் நான்கு கம்ப்யூட்டர் இருந்தால் நான்கும் நான்கு நேரம் காட்டும். உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்துவிட்டால் ஒன்று பல வருஷம் பின்னாலேயே போய் நிற்கும். கேட்டால், "அது அப்படித்தான் ஓடும்" என்பார்கள், முரட்டு மாட்டைப் பற்றிச் சொல்வதுபோல.

ஒரு நகைக்கடை முதலாளிக்கு விழுப்புரத்தில் பெரிய கடை, திண்டிவனத்தில் ஒரு கிளை. இரண்டு கடையிலும் நேரம் ஒன்றாக இருக்க வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார். பெரிய கடையின் சர்வர் இணையத்திலிருந்து சரியான நேரத்தை வாங்கிக்கொள்ளும்படி செய்தேன். மற்ற கம்ப்யூட்டர்களும், கேமரா பதிவாகும் பெட்டியும், திண்டிவனத்தில் இருப்பவை உட்பட, அவ்வப்போது அந்த சர்வரைக் கேட்டுத் தங்களைத் திருத்திக்கொள்ளும். ஒரு வினாடி பிசகாது. இனி யாரும் கை வைக்க வேண்டியதில்லை என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். முதலாளி பெரிதாக வியக்கவில்லை. திண்டிவனம் கடையின் சுவர்க் கடிகாரத்தை மட்டும் தொட வேண்டாம் என்றார். அது பத்து நிமிடம் முன்னால் ஓடியது. அவரே முள்ளைத் தள்ளி வைத்தது. வேலைக்கு வருகிறவர்களுக்கு அதுதான் கணக்கு. அதன்படி தாமதமானால் தாமதம்தான்.

கொஞ்ச நாளில் அவரிடமிருந்து போன் வந்தது. கிளையில் சரக்கு சரிபார்த்ததில் ஒரு ஜோடி கம்மல் குறைகிறதாம். பில்களையும் கேமராவையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். மூன்று பில்கள் உதைத்தன. மூன்றும் வெள்ளிக்கிழமை போட்டவை. பில்லில் அச்சாகியிருக்கும் நேரத்தில் கேமராவைப் பார்த்தால் கவுன்டருக்கு எதிரே ஆளே இல்லை. மூன்றையும் போட்டது ஒரே பெண், கிளியனூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். ஆள் வராமலே பில் போடுகிறவள் கம்மலையும் எடுத்திருப்பாள் என்பது அவர் முடிவு. போலீசுக்குப் போகும் முன் நான் ஒருமுறை பார்க்க வேண்டும் என்றார்.

நான் கிளைக்குப் போனபோது அவள் அங்கே முதலாளியின் அறையில் நின்றுகொண்டிருந்தாள். அழுது முடித்திருந்தாள். நடந்ததை அவள் மறைக்கவில்லை. தாலி வாங்க வருகிறவர்கள் நல்ல நேரம் பார்த்துத்தான் கிளம்புகிறார்கள். பஸ் தாமதமாகிவிடும். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். பில்லிலாவது நல்ல நேரம் விழட்டும் என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்பார்கள். அவள் தன் கம்ப்யூட்டரின் நேரத்தைப் பின்னால் தள்ளி, பில்லை அடித்துக் கொடுத்துவிட்டு, மறுபடி முன்னால் வைத்துவிடுவாள். கடையில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான்.

முதலாளி நம்பவில்லை. கை வைக்க வேண்டியதில்லை என்று நான் சொன்னதை, கை வைக்கவே முடியாது என்று அவர் எடுத்துக்கொண்டிருந்தார். முன்பெல்லாம் கேமராவின் நேரமே தப்பு என்பதால் யாரும் எதையும் ஒப்பிட்டுப் பார்த்ததில்லை. நான் எல்லாவற்றையும் சரியாக ஓட வைத்த பிறகுதான் அவள் திருடி ஆகியிருக்கிறாள்.

யார் நேரத்தை மாற்றினாலும் கம்ப்யூட்டர் அதைத் தன் பதிவில் குறித்து வைத்துக்கொள்ளும். அதைத் திறந்து, உண்மையில் பில் அடித்த நேரத்தைக் கண்டுபிடித்து, அந்த நேரத்துக்குக் கேமராவை ஓடவிட்டேன். கவுன்டர் நிறைய ஆட்கள். ஒரு அம்மாள் நகைப் பெட்டியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தாள். மற்ற இரண்டு பில்லும் அப்படியே. முதலாளி அரை மனதாகப் பெரிய கடைக்குப் போன் போட்டு, கம்மலை அங்கே தேடச் சொன்னார். பாலிஷ் போட அனுப்பிய நகைகளோடு சேர்ந்து போயிருந்தது.

மன்னிப்பு எதுவும் அவர் கேட்கவில்லை.

"கம்மல் கெடச்சிச்சு, சரி. கடை டைம மாத்தறதுக்கு நீ யாரும்மா? நாளையிலேந்து வரவேணாம்."

அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். கதவருகே போனவள் நின்று, கண்ணாடிக்கு அப்பால் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். குரல் உயரவில்லை.

"தெனம் அதப் பாத்துப் பயந்துக்கினுதான் சார் ஓடியாறேன். அந்த டைம மாத்துனது யாரு சார்?"

ஏற்கெனவே சுற்றி வைத்த ஒயரை நான் பிரித்து மறுபடி சுற்றினேன். முதலாளி சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. மேஜைமேல் இருந்த பில்களை அடுக்கினார்; அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினார்.

"இனிமே கம்ப்யூட்டர்ல கை வைக்காத," என்றார் கடைசியில். "யாராச்சும் நல்ல நேரம் கேட்டா பில் கவர் மேல பேனாவுல எழுதிக் குடு. போ, போயி உக்காரு."

யாரும் நேரத்தை மாற்ற முடியாதபடி அன்றைக்கே எல்லாக் கம்ப்யூட்டரையும் பூட்டிவிட்டு வந்தேன்.

இந்த வருஷம் எனக்குக் கல்யாணம் கூடிவந்தது. பெண் வீடு திண்டிவனம். இரண்டு வீட்டாரும் அந்தக் கிளையிலேயே சந்தித்துத் தாலி வாங்குவதாகப் பேச்சு. ஒரு வெள்ளிக்கிழமை அம்மாவும் நானும் விழுப்புரத்திலிருந்து நேரத்தோடுதான் புறப்பட்டோம். வழியில் லாரி ஒன்று கவிழ்ந்து கிடந்ததில் பஸ் நகரவில்லை. பேஜாரா போச்சே, பேஜாரா போச்சே என்று அம்மா வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வந்தாள். நேரத்தில் ஒன்றுமில்லை என்று நான் பெரிய மனுஷன்போல விளக்கிக்கொண்டு வந்தேன்.

கடைக்குள் நுழையும்போது சுவர்க் கடிகாரம் பதினொன்றைத் தாண்டியிருந்தது. இன்னும் பத்து நிமிடம் முன்னால்தான் ஓடுகிறது. கவுன்டரில் அதே பெண். தாலி எடுத்து, பில் அடித்தாயிற்று. அம்மா என்னை ஒருமுறை பார்த்துவிட்டு அவள் பக்கம் குனிந்து மெதுவாக எதையோ கேட்டாள்.

அவள் கவரை எடுத்து வைத்தாள். பேனா மூடியைத் திறந்தாள். திரையின் ஓரத்தில் மணி பதினொன்று இருபத்திரண்டு, நான் ஓட வைத்தபடியே, வினாடி பிசகாமல். அவள் சிரிக்காமல் என்னைப் பார்த்தாள்.

"எத்தன மணின்னு எழுதட்டும்ணா?"

"பத்தே கால்," என்றேன்.