எழுபத்திரண்டாம் பக்கம்

முப்பத்தொரு வருடம் ஊருக்குள் தபால்காரராக நடந்த சங்கரசுப்பு, ஓய்வு பெற்றபின் வீடுவீடாக ஏறி இறங்கி எழுதிய ஊர்க்கதை, முந்நூறு பிரதிகளாக சங்கரன்கோவில் அச்சகத்தில் பைண்டாகி அடுக்கியிருந்தது. நாளைக் காலை பள்ளிக்கூடத்தில் வெளியீடு. பிரதி ஒன்றைப் புரட்டினால், எழுபத்திரண்டாம் பக்கத்தில் ‘மர்ஹூம் முகம்மது இஸ்மாயில்’ என்று இருந்தது.

இறந்துபோன முஸ்லிம்களின் பெயருக்கு முன்னால் போடுகிற சொல் அது. இஸ்மாயில் இறந்ததாக யாருக்கும் தகவல் இல்லை. இருபத்திரண்டு வருடத்துக்கு முன் சவுதிக்குப் போனவர். நாலு கடிதம் வந்தது, அவ்வளவுதான். அந்த நாலையும் கொண்டுபோய்க் கொடுத்தவர் சங்கரசுப்பு. அப்புறம் தினமும் அந்த வாசலைத் தாண்டும்போது, “இன்னைக்கு இல்ல தங்கச்சி” என்று சொன்ன பாவியும் அவர்தான். இஸ்மாயிலின் மனைவி கதீஜம்மாள் தாலிபோலக் கழுத்தில் கட்டிய கருகமணியை இன்றுவரை கழற்றவில்லை. கழற்றச் சொன்ன சொந்தக்காரர்களோடு பேச்சுவார்த்தையே இல்லை.

“அந்தப் பக்கத்துல மத்த பேருக்கெல்லாம் அந்தச் சொல் இருந்துச்சு சார். இவருக்கு மட்டும் விட்டுப்போச்சோன்னு நாந்தான் போட்டேன்” என்றாள் அச்சகத்தில் டைப் செய்யும் பிரேமலதா.

அவளைத் திட்டி என்ன செய்ய? புரூஃப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட மகராசன் இவர்தானே.

கறுப்புப் பேனாவும் ஸ்கேலும் வாங்கிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தார். ஒவ்வொரு பிரதியாக அந்தச் சொல்லை அடித்தார். அடிக்க அடிக்கப் பயம்தான் கூடியது. வெளிச்சத்தில் பிடித்தால் எழுத்து தெரிந்தது. நாளைக்கு ஊரே அதைத்தான் உற்றுப் பார்க்கும். சபையில் பார்த்து கதீஜம்மாள் நொறுங்கிப்போவதற்கு முன் தானே காட்டிவிடுவது என்று, சாயங்கால பஸ்ஸில் திரும்பி நேரே அவள் வீட்டு வாசலில் போய் நின்றார்.

“வாங்க அண்ணாச்சி. லெட்டரா?” என்றாள் கதீஜம்மாள். அவர் ஓய்வு பெற்று ஐந்து வருடமாகியும் அந்தக் கேள்வி மாறவில்லை.

எழுபத்திரண்டாம் பக்கத்தைப் பார்க்கச் சொல்லிப் புத்தகத்தை நீட்டினார். அவள் பக்கத்தைப் புரட்டினாள். கறுப்புக் கோட்டில் விரல் நின்றது. ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் படித்துவிட்டாள்.

“தப்பு எம்மேலதான் தங்கச்சி. வெளியீடே வேண்டாம்னு சொல்லிருதேன்.”

“எத்தன புஸ்தகத்துல அடிச்சிய?”

“முந்நூறுலயும்.”

“ஒங்க கையாலயா?”

“ஆமா.”

அவள் கருகமணியைப் பிடித்துக்கொண்டாள்.

“ஊரு அவுகளுக்கு எப்பவோ இத எழுதிட்டுது அண்ணாச்சி. அடிச்சது நீங்க ஒருத்தர்தான்” என்றாள். “நாளைக்கு நான் எத்தன மணிக்கு வரணும்?”