நாற்பத்திரண்டு பல்லும் சரியாகத்தான் இருந்தது

சாலை பஜாரில் பைக் ஸ்பேர் கடை கவுண்டரில் முப்பது வருஷத்துக்கு மேல் நின்றிருக்கிறேன். பழைய வண்டிக்கு ஸ்பிராக்கெட், அதாவது செயின் ஓடுகிற பல்சக்கரம், கேட்டு வருகிறவர்களிடம் முதலில் சொல்வது ஒன்றுதான்: "பழசைக் கழற்றிக் கொண்டு வா." கம்பெனியே கைவிட்ட வண்டிக்குப் புத்தகத்தைப் பார்த்துச் சாமான் எடுக்க முடியாது. பழசின் பல்லை எண்ண வேண்டும், செயின் சைஸ் பார்க்க வேண்டும். பிறகு அதே பல் உள்ள வேறு மாடல் ஸ்பிராக்கெட்டை லேத் பட்டறையில் கொடுத்து, நடு ஓட்டையைப் பெரிதாக்கி, போல்ட் ஓட்டை புதிதாக அடித்துத் தர வேண்டும். இதில் என்னை விட்டால் ஆள் இல்லை என்று எனக்கு ஒரு திமிர் இருந்தது.

ஒரு மத்தியானம் ஜெகன் வந்தான். மலையில் போனக்காடு எஸ்டேட்டில் மருந்தடிக்கிற வேலை. பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி. பின் சீட்டில் ஒரு துண்டை மடித்து வைத்துக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது.

"அண்ணாச்சி, பின் ஸ்பிராக்கெட் மாத்தணும். செயின் ரெண்டு வாட்டி கழண்டு போச்சு, கேட்டோ."

குனிந்து பார்த்தேன். போல்ட் ஓட்டைக்குப் பக்கத்தில் பஞ்ச் வைத்து அடித்த மூன்று புள்ளி. எங்கள் கடைச் சாமான் என்று தெரிய நானே வைக்கிற அடையாளம். பல் தேயவே இல்லை.

"இது நான் குடுத்ததுல்லா. ஒரு வருஷம்கூட ஆகல. உனக்கா குடுத்தேன்?"

"அண்ணனுக்கு. செல்வத்துக்கு." பின் சீட்டுத் துண்டை இழுத்துச் சரிசெய்தான். "அவன் போய்ட்டான் அண்ணாச்சி. மலை இறங்கையில மூணாவது வளைவுல. செயின் கழண்டு வீல் லாக் ஆயிட்டு."

விபத்துக்குப் பிறகு புதுச் செயின் போட்டு இவன் ஓட்டிக்கொண்டிருக்கிறான். ஸ்பிராக்கெட் புதிது போலத் தெரிந்ததால் மெக்கானிக் அதைத் தொடவில்லையாம்.

துண்டு எதற்கு என்று கேட்டேன். குரலைத் தணித்தான்.

"அண்ணன் உக்காரதுக்கு. சிரிக்கப்படாது, கேட்டோ. மெள்ளப் போனா தெரியும், பின்னால ஆள் இருக்கு. இழுக்கும், விடும், இழுக்கும், விடும். மூச்சு மாதிரியே. அம்மையும் ஒரு நாள் ஏறிப் பாத்தா. இவன்தான்னு சொல்லி அழுதா. பெறகு அவளைத் தவிர ஒருத்தரையும் நான் பின்னால ஏத்தல."

எனக்குச் சிரிப்பு வரத்தான் செய்தது. சாவியை வாங்கிக்கொண்டு ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கப் போனேன். முதல் கியரில் மெதுவாக விட்டபோது அது வந்தது. முதுகுக்குப் பின்னால் ஒரு நெஞ்சு ஏறி இறங்குகிற மாதிரி. பட்டப்பகல், சுற்றிலும் லாரியும் சுமடு தூக்குகிறவர்களும். பேயாவது பிசாசாவது என்று ஊருக்கே உபதேசம் செய்கிறவன் நான், திரும்பிப் பார்த்துவிட்டேன். துண்டின் நடுவில் குழி விழுந்திருந்தது. கயிறு இறுக்கியதில் விழுந்த குழி என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

கடைக்குப் பின்னால் சந்தில் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, பின் சக்கரத்தைக் கையால் சுற்றினேன். செயின் இறுகியது, தொய்ந்தது, மறுபடி இறுகியது. ஒரு சுற்றுக்கு ஒரு தடவை. ஸ்பிராக்கெட்டைக் கழற்றி, நடு ஓட்டையிலிருந்து பல்லின் அடி வரைக்கும் வெர்னியர் வைத்து அளந்தேன். எதிர்ப்பக்கத்திலும் வைத்தேன். ஒன்றரை மில்லி வித்தியாசம். ஓட்டை நடுவில் இல்லை.

செல்வத்துக்குக் கொடுத்த அன்றைக்கு, லேத்திலிருந்து வந்ததும் பல்லை எண்ணினேன், நாற்பத்திரண்டு. செயின் சைஸும் சரி. மூன்று புள்ளி அடித்துக் கொடுத்துவிட்டேன். ஓட்டையை அளக்கவில்லை, மாட்டிச் சுற்றியும் பார்க்கவில்லை. தொய்கிற நேரத்தில்தான் செயின் கழன்றிருக்கிறது.

வாயை மூடிக்கொண்டு வேறொன்றை மாட்டி அனுப்பியிருந்தால் ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது. அந்த எண்ணமும் வந்தது, மறைக்கவில்லை. ஆனால் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் செய்ய முடியவில்லை.

"ஜெகா, பின்னால யாரும் இல்லடே. என் தப்பு. ஓட்டை நடுவுல இல்ல, அதான் இழுத்து இழுத்து விடுது. செல்வத்துக்கும் அதான்..."

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவன் என் கையிலிருந்த ஸ்பிராக்கெட்டையே பார்த்தான்.

"அப்ப அது அண்ணன் இல்லியா?"

லேத்தில் கூடவே நின்று வேறொன்றில் நடு ஓட்டையைக் குடைந்து, அளந்து, மாட்டிச் சுற்றினேன். செயின் அசையாமல் ஒரே மாதிரி நின்றது. ஜெகன் துண்டை அவிழ்த்து, பழைய ஸ்பிராக்கெட்டை அதில் சுற்றி எடுத்துக்கொண்டு போனான்.

ஒரு வாரம் கழித்துப் போன் வந்தது. திட்டத்தான் போகிறான் என்று எடுத்தேன்.

"வண்டி நல்லா ஓடுது அண்ணாச்சி. அம்மைக்கு நான் ஒண்ணும் சொல்லல. அவ துண்டு மடிச்சுக் கட்டிட்டுதான் இருக்கா. நேத்து பின்னால ஏறி உக்காந்தா. கொஞ்ச தூரம் போனதும், 'ஏண்டே, அவனுக்கு மூச்சு நின்னுட்டே'ன்னு கேட்டா."



இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் பல்லை எண்ணுங்கள், செயின் சைஸ் பாருங்கள். பிறகு மாட்டி, சக்கரத்தைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். அரை நிமிஷ வேலை.