வயிற்றுக்கு ஒரு சாண் மேலே

கர்ப்பத்தின் இருபத்தொன்பதாம் வாரத்தில் இருமல் தொடங்கியது. நான்காம் நாள், செவன் கிங்ஸ் என்ற ஊரில் எங்கள் வீட்டு மாடிப்படி ஏறுவதற்குள் இரண்டு தடவை உட்கார்ந்துவிட்டேன்.

அன்றே மகப்பேற்றுப் பிரிவில் வயிற்றில் ஜெல் தடவி ஸ்கேன் செய்தார்கள். குழந்தையின் இதயம் நன்றாகத் துடித்தது. கர்ப்பத்தில் மூச்சு வாங்குவது வழக்கம்தான் என்று சொல்லி, பரசிட்டமோல் போடும்படி அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து மறுபடி போனேன். மறுபடி ஜெல், மறுபடி 'குழந்தை நலம்'. நெஞ்சை எக்ஸ்ரே எடுக்கலாமா என்று கேட்டேன். கதிர்வீச்சு, குழந்தைக்கு வேண்டாம் என்றார்கள். 'பதற்றமான தாய்' என்று குறிப்பில் எழுதியிருந்ததைப் பிற்பாடுதான் வாசித்தேன்.

ஒன்பதாம் நாள் காலை கணவர் சுதன் வேலைக்குப் போகவில்லை. காத்திருப்பு அறையில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "இண்டைக்கு உம்மட நெஞ்சைப் பாக்காமல் நான் இஞ்ச இருந்து எழும்பமாட்டன்."

என் இரத்தத்தில் ஒட்சிசன் தொண்ணூற்றொரு சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. அதன் பிறகு ஓட்டமாக ஓடினார்கள். அவசரப் பிரிவிலிருந்து வந்த இளம் மருத்துவர் ஸ்கேன் இயந்திரத்தை இழுத்துவந்து, அதன் ஆய்முனையை (உடலில் வைத்து நகர்த்தும் பகுதி) என் முதுகில் வைத்தார். திரையில் மேலிருந்து கீழாக வெள்ளைக் கோடுகள் கற்றை கற்றையாக இறங்கின. நுரையீரலில் நீர் கோத்திருப்பதன் அடையாளம் அது என்றார். வலது அடிப்பகுதி காற்றில்லாமல் ஈரலைப்போல இறுகித் தெரிந்தது. நிமோனியா (நுரையீரல் அழற்சி). பார்த்து முடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

"இது புது மெஷினா?" என்று கேட்டேன்.

"இல்லை. உங்கள் வயிற்றைப் பார்த்த மெஷினும் இதுதான்."

ஒரு சாண். ஆய்முனையை ஒரு சாண் மேலே நகர்த்த இரண்டு தடவையும் ஒருவருக்கும் தோன்றவில்லை. இதில் கதிர்வீச்சே கிடையாது. தேவையென்றால் நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுத்திருக்கலாம், குழந்தையைச் சேரும் கதிர்வீச்சு மிகச் சொற்பம் என்றும் அவர் சொன்னார். நெஞ்சை ஸ்கேன் செய்யப் பழகிய கை வேண்டும் என்பது எனக்கும் விளங்குகிறது. அந்தக் கை அதே கட்டிடத்தில், இரண்டு மாடி கீழே இருந்தது.

நரம்பு வழியே மருந்தும் மூக்கில் ஒட்சிசனுமாக எட்டு நாள் கிடந்தேன். கோடுகள் மெல்லக் குறைந்தன. வீடு வந்ததும் முறைப்பாடு எழுதினேன். 'நீங்கள் அப்படி உணர்ந்ததற்கு வருந்துகிறோம்' என்று பதில் வந்தது. நான் உணரவில்லை. எனக்கு நிமோனியா.

இதை வாசிக்கும் கர்ப்பிணிக்கு: குழந்தை நலம் என்றதும் கட்டிலைவிட்டு எழும்பாதீர்கள். "சரி, எனக்கு?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள்.

மகள் சுகமாகப் பிறந்தாள். அவளுக்கு இப்போது நான்கு மாதம். முதல் தடவை போனதற்கும் மூன்றாம் தடவைக்கும் இடையில் ஐந்து நாட்கள். அவை முடிந்துபோன கதை என்கிறார் சுதன். ஆனால் ஆழமாக மூச்சிழுத்தால் வலப்பக்க முதுகு இன்னும் பிடிக்கிறது. என் உடம்புக்கு அந்த ஐந்து நாட்கள் முடியவில்லை.