பண்டிகை ஏலத்தில் எடுத்த சேவல்

முதலில் வீங்கியது கறுப்பிக்கு. ஒரு பக்க முகம் மட்டும் உள்ளே நெல்லிக்காயை வைத்ததுபோலப் புடைத்திருந்தது. கண் ஒட்டிக்கொண்டது. மூக்கில் சளி ஒழுகியது. அந்தச் சளிக்கு ஒரு கெட்ட நாற்றம். இரண்டு நாளில் இன்னும் ஐந்து கோழிகளுக்கு அதே வீக்கம். அடுத்த செவ்வாய்க்கிழமைக்குள் இரண்டு செத்துப்போயின. கறுப்பியும் அதில் ஒன்று. அப்போது நான் ஆண்டவர்மேல் கோபமாக இருந்தேன். சாட்சி எழுத உட்கார்ந்துவிட்டு அதை மறைக்கக் கூடாது.

இது 1998-ஆம் வருடம், அறுப்பின் பண்டிகைக்கு மறுவாரம் நடந்தது. நான் ஹெப்பகோடியில் ஒரு நூல் மில்லில் வேலை பார்க்கிறேன். எனக்கு மனிதர்களோடு பேச வராது. சூப்பர்வைசர் ஏதாவது கேட்டால் தலையை ஆட்டுவேன். ஷிப்ட் முடிந்து வந்ததும் வீட்டுப் பின்பக்கம் போய், அன்றைக்கு நடந்ததை எல்லாம் கோழிகளிடம்தான் சொல்லுவேன். மொத்தம் பதின்மூன்று கோழிகள். என் மனைவி எஸ்தர் சமையலறை ஜன்னல் வழியாகக் கேட்டுத்தான் என் செய்திகளைத் தெரிந்துகொள்வாள்.

நோய் வந்ததும் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். மழையில் நனைந்த சளிதான், பூண்டும் மிளகும் அரைத்துக் கொடு என்றார் மச்சான். பக்கத்து வீட்டுக்காரர் மஞ்சள் என்றார். தீவனக் கடைக்காரர் குடற்புழு மருந்தை எடுத்து நீட்டினார். மில்லில் ஒருவர், "அது வெள்ளைக் கழிச்சல்தாம்பா, முடிஞ்சுது கதை," என்றார். கழிச்சலே இல்லையே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேண்டாம் என்று சொல்லத் தெரியாததால் அவர்கள் சொன்ன அத்தனையையும் செய்தேன். எல்லாவற்றையும் ஒரே தண்ணீர்ச் சட்டியில் கரைத்து, நோயுள்ளதையும் இல்லாததையும் சேர்த்தே குடிக்க வைத்தேன்.

ஒன்று மட்டும் கம்பீரமாக நின்றது. அது புதுச் சேவல். காணிக்கையாக வரும் காய்கறி, தேங்காய், கோழி எல்லாவற்றையும் பண்டிகை ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவது எங்கள் சபையின் வழக்கம். எங்கள் மூப்பர் ஞானமுத்து அண்ணன் கொடுத்திருந்த சேவலை அந்த வருடம் நான் எடுத்தேன். வீட்டுக்கு வந்ததும் காலில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து நேராகக் கோழிகளோடு விட்டேன். சந்தையில் வாங்கியிருந்தால் கொஞ்ச நாள் தனியாகக் கூடைக்குள் கவிழ்த்திருப்பேன். ஆண்டவருக்குப் படைத்ததை எப்படிச் சந்தேகப்படுவது?

"பாத்தீங்களா, ஆண்டவருக்குக் கொடுத்தது எப்படி நிக்குதுன்னு," என்றாள் எஸ்தர். அதன் ஆசீர்வாதம் மற்றவற்றுக்கும் வரட்டும் என்று, சுருண்டு கிடந்த கோழிகளின் நடுவிலேயே அதைக் கட்டியும் வைத்தாள். நானும் சரி என்றேன்.

வியாழக்கிழமை வீட்டுக்காரம்மா புட்டம்மா வந்தார். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கன்னடம் கலந்த தமிழில், "ஏனப்பா செல்வா, மேல் வீட்டு வரைக்கும் வாசனே வருது. அடுத்த சனிக்கிழமை வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள சரியாகலேன்னா எல்லாத்தையும் காலி பண்ணிடு. கோழியே வேண்டாம் நம்ம மனேல," என்றார். நான் தலையாட்டினேன்.

"அதுக்கும் தலையாட்டிட்டீங்களா?" என்றாள் எஸ்தர், அவர் போனதும்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, வீட்டு ஜெபக் கூட்டம். விண்ணப்பம் இருப்பவர்கள் சொல்லலாம் என்றார் ஞானமுத்து அண்ணன். எஸ்தர் என் முதுகில் இடித்தாள். கோழிக்காக ஜெபிக்கச் சொல்ல எனக்கு வெட்கம். அதுவும் அண்ணனின் மருமகள் ஆஸ்பத்திரியில் இருந்த சமயம். "வீட்ல ஒரு கஷ்டம். வெளியில சொல்ல முடியாது," என்று மட்டும் முனகினேன்.

அவ்வளவுதான். என் தோளில் நாலு கை விழுந்தது. என்னை மறைவான பழக்கத்திலிருந்து விடுவிக்கும்படி அரை மணி நேரம் ஜெபித்தார்கள். ஒரு அக்கா அழுதே விட்டார். வெளியே வரும்போது ஞானமுத்து அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைப்பக்கம் கால் போனா என் வீட்டுக்கு வந்துடு தம்பி," என்றார். நான் சாராயத்தை வாயில் வைத்ததே இல்லை. அதையாவது சொல்லியிருக்கலாம். அதற்கும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

"இப்ப நான் குடிகாரன் பொண்டாட்டி. சந்தோஷமா?" என்றாள் எஸ்தர்.

சனிக்கிழமை விடிந்ததும் பின்பக்கம் போனேன். எனக்கு எல்லார்மேலும் எரிச்சல், என்மேல் அதிக எரிச்சல். கூண்டின் முன் உட்கார்ந்து, கோழிகளிடம் பேசுகிற குரலில் ஆண்டவரிடம் பேசினேன். "ஆண்டவரே, நான் குடிக்கிறவன் இல்லைன்னு உமக்குத் தெரியும். என் கோழிங்களுக்கு என்ன நோய்? எதனால வந்துச்சு? எனக்கு அது தெரியணும். ஆளாளுக்குச் சொல்றதைக் கேட்டு என் தலை வெடிக்குது. நீரே சொல்லும்." ஆமென் சொன்னேனா என்று ஞாபகம் இல்லை.

எழுந்தபோது ஆனேக்கல் கால்நடை ஆஸ்பத்திரி நினைவுக்கு வந்தது. அதுவரை ஒருவர்கூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. முகம் வீங்கிய ஒரு கோழியைத் துணிப்பையில் வைத்துப் பஸ் ஏறினேன். நாற்றம் தாங்காமல் பக்கத்தில் இருந்தவர் எழுந்துபோய் நின்றுகொண்டார்.

டாக்டரம்மா ஓசூர்க்காரர், தமிழ் பேசினார். கோழியின் வீக்கத்தை அழுத்திப் பார்த்தார், மூக்கை முகர்ந்தார். பிறகு, "புதுசா ஏதாவது கோழி கொண்டாந்து சேத்தீங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க."

"சந்தையில வாங்கினது?"

"இல்லீங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அண்ணா, இந்த நோய் தானா முளைக்காது. கூட்டத்துக்குள்ள ஒண்ணு கொண்டாந்திருக்கணும். எது வந்துச்சுன்னு நீங்க சொன்னாத்தான் நான் உதவ முடியும்."

காலையில் நான் கேட்ட கேள்வியே அவர் வாயிலிருந்து எனக்குத் திரும்பி வந்தது. பதில் என்னிடம்தான் இருந்தது. மூப்பர் கொடுத்ததைக் குறை சொல்வதா என்ற கூச்சத்தில் அதை விழுங்கிக்கொண்டிருந்தேன். "சர்ச் ஏலத்துல ஒரு சேவல் எடுத்தேங்க. ஆனா அது நல்லா இருக்கு," என்றேன்.

"அது நல்லாத்தான் இருக்கும். முன்னாடியே நோய் வந்து தேறியிருக்கும். தேறினாலும் கிருமியை வெச்சுக்கிட்டு மத்ததுக்குக் கொடுக்கும். எல்லாம் ஒரே சட்டியிலயா தண்ணி குடிக்குது?"

தலையாட்டினேன். அந்தச் சட்டியையும், சேவலை நடுவில் கட்டிவைத்ததையும் நினைத்து அங்கேயே அழுதேன்.

இது தொற்றுச் சளி, காரணம் தெரிந்தால் பயப்பட ஒன்றுமில்லை என்றார் அவர். தண்ணீரில் கலக்க ஒரு மருந்துத் தூள் எழுதிக் கொடுத்தார். நோயுள்ளவற்றைப் பிரிக்க வேண்டும், தண்ணீர்ச் சட்டிகளைத் தினமும் தேய்த்துக் கழுவ வேண்டும், வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரால் கண்களைத் துடைக்க வேண்டும் என்றார். மருந்து கொடுக்கும் நாளிலும் அதற்குப் பின் கொஞ்ச நாளும் முட்டையைத் தொடக் கூடாதாம். கடைசியாக, "பிழைச்ச கோழியும் இனி கிருமியோடதான் இருக்கும். உயிரோட யாருக்கும் கொடுத்துடாதீங்க," என்றார்.

எஸ்தர் சேவலை அவிழ்த்துக் கொல்லையின் மறுகோடியில் கட்டினாள். ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் மாற்றமில்லை. செவ்வாயன்று ஒரு கோழி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. வியாழனன்று நாற்றம் போய்விட்டது. சனிக்கிழமை புட்டம்மா வந்து நின்று, மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்தார். நாற்றம் எதுவும் வரவில்லை. "இர்லி, இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டுப் போனார். பதினொன்றும் பிழைத்தன.

ஆனால் அந்த ஏலத்தில் இன்னும் மூன்று வீட்டார் கோழி எடுத்திருந்தார்கள். ஞானமுத்து அண்ணன் வீட்டிலும் கோழிகள் உண்டு. சொல்லாமல் இருந்தால் அது திருட்டுக்குச் சமம் என்று என் மனது குத்தியது. மறுநாள் ஞாயிறு ஆராதனையில், சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து நின்றேன். முதலில் நான் குடிப்பதில்லை என்று சொன்னேன். சபை சிரித்தது. பிறகு சேவலைப் பற்றிச் சொன்னேன். சிரிப்பு நின்றது.

ஞானமுத்து அண்ணன் முகம் சிவந்து, "என் சேவலா?" என்றார். பிறகு, "ஆடி மாசம் எங்க வீட்டுக் கோழிக்கும் மூஞ்சி வீங்குச்சு. தானா சரியாயிடுச்சு. நான்தான் அதைப் பெரிசா எடுத்துக்கல," என்றார். அவர் அதைச் சொல்ல வேண்டிய கட்டாயமே இல்லை. அதனால்தான் அவர் மூப்பர் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அந்த மூன்று வீட்டாரும் அன்றே தங்கள் கோழிகளைப் பிரித்து வைத்தார்கள். அதற்குப் பிறகு எங்கள் சபை ஏலத்தில் கோழி எடுப்பவர்களுக்கு, ரெண்டு வாரம் தனியாக வைத்துப் பார்த்துவிட்டு மற்றதோடு சேர்த்துவிடுங்கள் என்று மேடையிலேயே சொல்லிக் கொடுக்கிறார்கள்.

என் வீட்டிலிருந்து கோழி இனி வெளியே போகக் கூடாது என்பதால், அடுத்த வருடம் கொல்லையில் காய்த்த பூசணிக்காயைக் காணிக்கையாகக் கொண்டுபோனேன். ஏலத்தில் அதை எடுத்தவர் ஞானமுத்து அண்ணன். அதைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, எல்லார் முன்னாலும், "இதையும் ரெண்டு வாரம் தனியா வெக்கணுமா தம்பி?" என்று கேட்டார்.

"வேண்டாம் அண்ணா, சாம்பார் வெச்சுடுங்க," என்றேன். கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டதாக எஸ்தர் சொன்னாள்.

இதை வாசிக்கிற சகோதர சகோதரிகளே, என்னைப்போல உங்களில் கூச்சப்படுகிறவர்கள் இருப்பீர்கள். இது சின்ன விஷயம், இதற்கெல்லாமா ஜெபிப்பது என்று விழுங்காதீர்கள். கோழி என்றால் கோழி என்றே சொல்லிக் கேளுங்கள். ஆண்டவர் பதிலுக்கு உங்களிடம் ஒரு கேள்வி கேட்டால், தலையாட்டாமல் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லுங்கள். எனக்கு அங்கேதான் உதவி வந்தது.