இல்லாத ஞாயிறுகள்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பாதிப்பேர், வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு ஏதாவதொரு ஞாயிற்றுக்கிழமை வந்து, விசிறி இல்லாமல் வியர்த்து, கை கழுவ ஒரு கோப்பைத் தண்ணீரை அளந்து வாங்கி, மனத்துக்குள் எங்களைத் திட்டிக்கொண்டு திரும்பிப் போனவர்கள். அக்காவின் சார்பில் உங்களிடம் மன்னிப்புக் கேட்டுத் தொடங்குவதுதான் மரியாதை. ஆனால் அக்கா இருந்தால் அதற்கு விடமாட்டார். "ஏன், ஒரு நாள் வேர்த்தா என்ன குறைஞ்சு போகும்?" என்றுதான் கேட்பார். ஆகவே நானும் கேட்கவில்லை. ஏன் அப்படி நடந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

அக்கா வடக்கே மட்டுவிலில், எங்கள் அம்மாவின் தாய்வீட்டில் பிறந்தவர். அப்பாவுக்குக் கொழும்பில் அரசாங்க எழுதுவினைஞர் வேலை. அக்கா பள்ளிக்கூடம் போகத் தொடங்கும் முன்பே குடும்பம் கிருலப்பனையில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்துவிட்டது. தங்கை நான் அங்கேதான் பிறந்தேன், அக்காவுக்கு நெடுங்காலம் பிந்தி, ஒருவரும் எதிர்பாராமல். பிறந்ததிலிருந்தே எனக்கு முட்டு வருத்தம். வானம் இருட்டினால் போதும், நெஞ்சு விசிலடிக்கத் தொடங்கிவிடும். மருந்துப் போத்தல் குசினித் தட்டில் இருக்கும். அதை நேரத்துக்கு ஊற்றித் தருவது அக்காவின் பொறுப்பு.

தமிழர் வீடுகளைத் தேடி எரித்த கலவரம் எங்கள் ஒழுங்கைக்குள்ளும் வந்தது. பின்வீட்டுச் சிங்கள நோனா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "இக்மனட்ட என்ட, இக்மனட்ட என்ட" என்று சுறுக்காய் வரச்சொல்லிக் கூப்பிட்டார். அம்மா திகைத்துப் போனார். அவர் வாழ்க்கையில் ஒரு வீட்டை விட்டு வெளிக்கிட்டதெல்லாம் வீடு மாறுவதற்கு மட்டும்தான். வீடு மாறும்போது எங்கள் ஆட்கள் முதலில் எதைத் தூக்குவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். சாமிப்படம், குத்துவிளக்கு, உப்பு, மஞ்சள், அரிசி. அம்மாவின் கை அந்தப் பழக்கத்திலேயே போனது. தெருவில் கண்ணாடி உடைகிற சத்தம் கேட்கிறது, அம்மா உப்புச் சாடியைத் தேடுகிறார். அப்பா குத்துவிளக்கைத் தூக்கினார். அக்காவிடம் கண்ணாடிச் சட்டம் போட்ட பிள்ளையார் படத்தைக் கொடுத்தார்கள். அவர் ஒரு கையில் பிள்ளையாரையும் மறுகையில் என்னையும் பிடித்துக்கொண்டு மதிலைத் தாண்டினார். மருந்துப் போத்தல் தட்டிலேயே இருந்து வீட்டோடு எரிந்துபோனது.

அகதிமுகாமாகிய பள்ளிக்கூட மண்டபத்தில் அன்றே எனக்கு முட்டு இழுத்தது. உதடு நீலம்பாரித்துவிட்டதாம். அக்கா என்னை மடியில் நிமிர்த்தி இருத்தி, தன் நெஞ்சில் சாய்த்து, "மெல்ல விடு பிள்ளை, மெல்ல விடு" என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். யாரோ ஒரு டாக்குத்தரைத் தேடிக் கூட்டிவரும்வரை இருந்த இடத்தை விட்டு அசையவில்லையாம். எங்கள் உப்பு அந்த முகாமின் முதற் கஞ்சிக்குப் போனது. அம்மா அதைப் பெருமையாகச் சொல்லுவார். அந்தக் கதை தொடங்கினால் அக்கா எழும்பிக் குசினிக்குள் போய்விடுவார். ஒரேயொரு முறை என்னிடம் சொன்னார்: "பிள்ளையார் தன்ரபாட்டிலை வந்திருப்பார். மருந்துக்குத்தான் கால் இல்லை."

பிறகு கப்பலேறி வடக்கே போனோம். அங்கும் யுத்தம் இருந்த இடத்தில் இருக்க விடவில்லை. மின்சாரமே இல்லாத அந்த வருடங்களில் அக்கா ஜாம் போத்தலில் திரி போட்டு விளக்கெரித்து எனக்குப் பாடம் சொல்லித் தந்தார். முற்றத்தில் மரவள்ளி நட்டார். துணி தோய்க்கச் சவர்க்காரம் கிடையாத காலத்தில் எதை எதையோ காய்ச்சிப் பார்த்து, அம்மாவின் நல்ல சேலையொன்றைப் பழுதாக்கி ஏச்சும் வாங்கினார். அப்பாவும் அம்மாவும் அங்கேயே அடுத்தடுத்துக் கண்மூடினார்கள். யுத்தம் சற்று ஓய்ந்து பாதை திறந்ததும் அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு கொழும்புக்குத் திரும்பி, ஒரு காப்புறுதிக் கம்பனியில் வேலைக்குச் சேர்ந்தார். ஓய்வுபெறும்வரை அங்கேதான். வருகிறவர்களிடமெல்லாம் காப்புறுதி எடுங்கோ என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து, "கடதாசியைக் குடிக்கேலாது" என்று பீப்பாவில் தண்ணீர் நிரப்புகிற மனுஷி. எனக்குக் கலியாணம் சரிவரவில்லை. அக்காவுக்குச் சரிவந்தவற்றை அக்கா சரிவர விடவில்லை. என்னைத் தனியே விட்டுப் போகமாட்டாராம்.

இந்த மாடிவீட்டுக்கு வந்த பிறகுதான் அக்கா தன் ஞாயிறுகளைத் தொடங்கினார். மாதத்தில் ஒரு ஞாயிறு. எந்த ஞாயிறு என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். கோயிலால் வந்து செருப்பைக் கழற்றும்போதே அறிவிப்பார். "இண்டைக்குக் கரண்ட் இல்லை." மெயின் சுவிச்சை இறக்கிவிடுவார். "இண்டைக்குத் தண்ணி இல்லை." குழாயைப் பூட்டிவிடுவார். காஸ் இல்லாத ஞாயிறு, கடை இல்லாத ஞாயிறு, ஃபோன் இல்லாத ஞாயிறு என்று மாறி மாறி வரும். பொழுதுபட்டுச் சாமிக்கு விளக்கு வைத்த பிறகு, எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு, "சரி, எல்லாம் இருக்கு" என்பார். அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வரும்வரை நான் ஒரு சுவிச்சைத் தொடக்கூடாது.

"அக்கா, உங்களுக்கு விசரே? காசு கட்டித்தானே கரண்ட் எடுக்கிறம்?"

"ஓம், எடுக்கிறம். வராட்டி?"

"வராட்டி அப்ப பாப்பம்."

"அப்ப பாக்கேலாது பிள்ளை. பதறிப்போய் நிப்பம். இப்பவே பாத்து வைப்பம்."

ஒவ்வொரு ஞாயிறும் வீட்டில் எதையாவது விட்டுவிட்டுப் போகும். காஸ் இல்லாத ஞாயிறு சிரட்டைக்கரி அடுப்பைக் கொண்டுவந்தது. கடை இல்லாத ஞாயிற்றுக்குப் பிறகு பல்கனியில் பெயின்ட் வாளிகள் வரிசையாக வந்தன. பொன்னாங்காணி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை, தலையை வெட்டிவெட்டிக் குள்ளமாகவே வைத்திருந்த ஒரு முருங்கை. வாசற் கதவுக்குப் பின்னால் ஒரு சிவப்புப் பை தொங்கியது. அதில் எல்லாவற்றுக்கும் மேலே என்னுடைய இன்ஹேலர். நான் ஒருமுறை சின்ன முருகன் படமொன்றை அதன்மேல் வைக்கப் போனேன். "அடியிலை வை" என்றார் அக்கா.

கனடாவிலிருந்து எங்கள் பெரியப்பாவின் மகன் வந்திறங்கியது ஒரு தண்ணீர் இல்லாத ஞாயிறு. "தங்கச்சி, முதல்லை ஒருக்கா நல்லாத் தோய்ஞ்சிட்டு வாறன்" என்று குளியலறைப் பக்கம் நடந்தார். அக்கா ஒரு வாளியையும் கோப்பையையும் நீட்டினார். "இந்த வாளி முழுக்க உங்களுக்குத்தான் அண்ணா. ஆனா தோயிற தண்ணியைப் பேசினுக்கை பிடிச்சு வையுங்கோ, கக்கூசுக்கு ஊத்தவேணும்." அண்ணா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். பாவம், அவர் பேசினுக்குள் ஏறி நின்று தோய்ந்துவிட்டு வந்தார்.

எதிர்வீட்டுப் பரீனாவுக்கு எங்கள் ஞாயிறுகள் பெரிய பகிடி. கதவைத் தட்டி, "அக்கா, இன்டைக்கு எனத்த இல்ல?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். "எங்கட ஊட்டுல கரண்ட் ஈக்கி, ஒங்கட ஊட்டுல மட்டும் எப்பிடிப் போற?" என்று சிரிப்பார். அக்காவும் சிரிப்பார். சுவிச்சை மட்டும் போடமாட்டார்.

பிறகு அந்தக் காலம் வந்தது. நாட்டில் காஸ் இல்லை, பால்மா இல்லை, பெற்றோல் வரிசை காலி வீதி நெடுகிலும். நாளில் பாதி மின்வெட்டு. பரீனா கதவைத் தட்டினார். அன்று சிரிக்கவில்லை. "அக்கா, இப்ப நாடே ஒங்கட ஊடு மாதிரி ஆயிட்டு." அக்கா கரியடுப்பை மொட்டைமாடிக்கு ஏற்றினார். எங்கள் மாடியில் உள்ள வீடுகளெல்லாம் அந்த ஒரு தணலில் சமைத்தன. முதலில் எங்கள் மரக்கறி, பிறகு பரீனாவின் மீன்சட்டி. பீப்பாத் தண்ணீர் நுளம்பு வளர்க்கும் என்று முன்பு சண்டைக்கு வந்தவர்களும் வாளியோடு வந்தார்கள். அக்கா ஒருவரையும் குத்திக் காட்டவில்லை. நான் காட்டினேன். எனக்கு அவ்வளவு பெருந்தன்மை கிடையாது.

அந்த நாட்களில் ஒரு மத்தியானம், கரிப்புகை பட்டோ என்னவோ, எனக்கு முட்டு இழுக்கத் தொடங்கியது. மருந்தைப் புகையாக்கித் தரும் மெஷினுக்குக் கரண்ட் இல்லை. நான் அக்காவைப் பார்த்தேன். வழக்கமாக எல்லாவற்றையும் ஓடிவந்து கையில் தருகிறவர், அன்று கதிரையை எனக்கு எதிரே இழுத்துப்போட்டு இருந்துவிட்டார்.

"பை எங்கை தொங்குதெண்டு தெரியுந்தானே. நீயே எடு."

சுவரைப் பிடித்துக்கொண்டு போனேன். இன்ஹேலரை எடுத்துக் குலுக்கி, வாயில் வைத்து, இழுத்து, அடக்கி, விட்டேன். "மெல்ல விடு பிள்ளை" என்று மட்டும் சொன்னார். ஆனால் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டிருந்தார். மூச்சு சீராக வந்ததும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நான் செத்துக்கித்துப் போயிருந்தா?"

"அதுக்குத்தான் முன்னாலை இருந்தனான்" என்றார் அக்கா.

சென்ற வருடம் ஒரு ஞாயிறு கோயிலால் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டுப் பல்கனிக் கதிரையில் போய் அமர்ந்தார். அறிவிப்பு ஒன்றும் வரவில்லை. நானே கேட்டேன்.

"என்ன, இண்டைக்கு எல்லாம் இருக்கோ?"

"எல்லாம் இருக்கு. இண்டைக்கு நான் இல்லை."

பகிடி என்றுதான் நினைத்தேன். பருப்பு எந்தப் போத்தலில் என்று கேட்டேன். காஸ் புத்தகம் எங்கே, தண்ணீர் மோட்டர்க்காரனை எப்படிக் கூப்பிடுவது, பொன்னாங்காணியை எந்தக் கணுவில் வெட்டுவது, எதற்கும் பதில் இல்லை. கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பரீனா ஏதோ கேட்க வந்தபோது என்னைச் சுட்டிக் காட்டினார். ஒரு கட்டத்தில் ஆத்திரம் தாங்காமல் அகப்பையைத் தூக்கி எறிந்தேன். அதற்கும் அவர் திரும்பவில்லை. எப்படியோ சமைத்து அவர் முன்னால் வைத்தேன். உண்டார். பொழுதுபட்டதும் சாமிக்கு நான்தான் விளக்கு வைத்தேன். பின்னால் வந்து நின்றார்.

"சரி, நான் இருக்கிறன்" என்றார். "கறி பரவாயில்லை. உப்புத்தான் கூடிப்போச்சு."

அதற்குப் பிறகுதான், டாக்குத்தர் தனக்குச் சொன்னதைச் சொன்னார். கனகாலம் இல்லையாம். நான் அவரைக் கட்டிப்பிடித்து அழுதேன். அவர் பயந்தது சாவுக்கல்ல. அந்தப் பள்ளிக்கூட மண்டபத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த சிறுமியை இரண்டாந்தரமும் மருந்தில்லாமல் விட்டுவிட்டுப் போய்விடுவேனோ என்றுதான் பயந்திருக்கிறார்.

அதன் பின் வந்த ஞாயிறுகளெல்லாம் அவர் இல்லாத ஞாயிறுகளாகவே இருந்தன. நான் மோட்டர்க்காரனோடு சிங்களத்தில் சண்டை பிடிக்கப் பழகினேன். கறிக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் ஒரே தீர்ப்புத்தான், உப்புக் கூட. கடைசியாக ஆசுப்பத்திரிக் கட்டிலில் பேச்சுக் குறைந்திருந்த நேரம், "பை?" என்று கேட்டார். தோளில் மாட்டியிருந்ததைத் திறந்து காட்டினேன். விரலால் தடவிப் பார்த்தார். இன்ஹேலர் மேலே இருந்தது. "ம்" என்று கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த நாள் காலை எங்களை விட்டுப் போனார்.

அக்காவைத் தங்கள் தாய்போலப் பார்த்த ஆசுப்பத்திரித் தாதிமாருக்கும், அழைத்ததும் வந்து நின்ற முச்சக்கரவண்டிக்காரத் தம்பிக்கும், கடல் கடந்து வந்து மகனுக்குப் பதிலாக நின்று கொள்ளி வைத்த அண்ணாவுக்கும் நான் என்றென்றும் கடமைப்பட்டவள். சாவுத் துடக்கு வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில், எங்களுக்கென்று புதுச்சட்டி வாங்கி மரக்கறி சமைத்து அனுப்பிய பரீனாவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. எட்டாம் நாள் எட்டுச்செலவிலும் இன்றைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைகளிலும் தோள்கொடுத்த உறவுகள், அயலவர்கள், அக்காவின் அலுவலக நண்பர்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன். பேசினுக்குள் நின்று தோய்ந்தவர்களுக்கும் சேர்த்துத்தான்.

இன்னும் ஒன்று சொல்லவேண்டும். எட்டுச்செலவு முடிந்து எல்லோரும் போன பிறகு வந்த ஞாயிறு, நான் தனியே இருந்தேன். அழுது அழுது முட்டு இழுத்தது. பையிலிருந்து எடுத்து, குலுக்கி, இழுத்து, மெல்ல விட்டேன். சீராக வந்தது. வாளிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். கதவு தட்டப்பட்டது. பரீனா. பழக்க தோஷத்தில், "இன்டைக்கு எனத்த..." என்று தொடங்கிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். இருவரும் வாசலில் நின்று அழுதோம்.

பொழுதுபட்டது. அக்காவின் படத்துக்கு முன்னால் விளக்கை ஏற்றிவிட்டு, எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு, அந்த "எல்லாம் இருக்கு" வருமா என்று நின்று பார்த்தேன். குசினிக்குப் போய் பருப்பும் பொன்னாங்காணியும் சமைத்து, ஒரு கவளம் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, அங்கேயே நிலத்தில் இருந்து சாப்பிட்டேன்.

உப்பு அளவாக இருந்தது, அக்கா.